கூடப் பிறந்த சித்தியா?

என் மேசை இழுப்பறையில் ஒரு குடும்பத்தின் வம்ச வரைபடம் இருக்கிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு என்பது மரபியலார் எங்கும் கையாளும் முறை. அந்த வரைபடத்தில் ஒரு கறுப்பு வட்டத்தை முதலில் தாய்வழியில் வரைந்திருந்தேன். பிறகு அதை அழித்து, தந்தையின் தம்பிக்குப் பக்கத்தில், மனைவி என்ற இடத்தில் வரைந்தேன். அழித்த தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. கோலாலம்பூரில் உள்ள ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய் மரபியல் பயிற்சியில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இந்தக் காலத்தில் நான் கற்றவற்றில் முக்கியமானது அந்தத் தடத்தோடு சேர்ந்தது என்பதால் அதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அவர்களை அடையாளம் காண முடியாதபடி ஊர், வயது, தொழில் ஆகிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் என்ன பயிற்சி என்று உறவினர்கள் என் அம்மாவிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நான் செய்த முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் தட்டில் வளரும் உயிரணுக்களைப் பற்றியது. ஒரே ஒரு மரபணு, ஒரே ஒரு கேள்வி, வழிகாட்டி வகுத்துத் தந்த பாதை. அந்த உயிரணுக்களுக்குப் பெயரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பட்டத்துக்குப் பிந்தைய இந்த ஆய்வுப் பணி, போஸ்ட்டாக் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வது, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கிடைப்பது. சொந்தமாக ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதி, நெறிமுறைக் குழுவின் முன் அதை விளக்கி, மாணவர்களை வழிநடத்தி, முடிவை வெளியிடுவதுவரை தனியாகச் செய்யத் தகுதி பெறுவதற்கான காலம் அது. காலையில் ஆய்வகம், பிற்பகலில் கணினி, இடையிடையே மருத்துவமனைக் கூட்டங்கள் என்று நாள் ஓடுகிறது. இந்தத் துறையில் பயிற்சியின் மையமாக இருப்பது, எப்போது ஒரு முடிவைச் சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்ற தீர்மானம். அதைப் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஒருமுறை தவறிய பிறகே எனக்கு அது வசப்படத் தொடங்கியது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை குடும்ப வழியாக வருபவை அல்ல; நூற்றில் ஐந்து முதல் பத்துவரை மட்டுமே பரம்பரையாகக் கைமாறும் ஒரு மரபணு மாற்றத்தால் வருகின்றன. இளவயதில் பலருக்கு இந்நோய் கண்ட குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். ஒரு சிக்கலான நோயைத் தனியொரு மரபணுவோடு இணைக்க முடியும் என்று அப்போது பலரும் நம்பவில்லை. 1994இல் அந்த மரபணுவே பிரித்தெடுக்கப்பட்டு பிஆர்சிஏ1 என்று அறியப்பட்டது. அடுத்த ஆண்டு 13ஆம் குரோமோசோமில் பிஆர்சிஏ2 கண்டுபிடிக்கப்பட்டது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்துபோகும்போது அவற்றைப் பிழையில்லாமல் ஒட்டுவதற்கு வேண்டிய புரதங்களை இவை உருவாக்குகின்றன. ஒட்டும் வேலை கெட்டால் உயிரணுவில் பிழைகள் குவிகின்றன. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ1இல் தீங்கான மாற்றம் உள்ள பெண்களில் 72 விழுக்காட்டினருக்கும், பிஆர்சிஏ2இல் உள்ளவர்களில் 69 விழுக்காட்டினருக்கும் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோய்க்கு அந்த அளவு முறையே 44, 17.

எண்கள் இவ்வளவு பெரியவை என்பதால் பதில் தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் மரபணுவில் காணும் மாற்றங்கள் எல்லாம் தீங்கானவை அல்ல. 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியலாளர் அமைப்பும் மூலக்கூறு நோயியல் அமைப்பும் சேர்ந்து வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து வகைகளில் ஒன்றில் வைக்கிறோம்: தீங்கானது, தீங்காக இருக்கக்கூடியது, பொருள் உறுதிப்படாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. நடுவில் இருக்கும் மூன்றாவது வகைதான் எங்கள் அன்றாடம். அதை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு பெண்ணின் உடல்மேல் அதன் விளைவு விழுகிறது. தீங்கற்றதைத் தீங்கானது என்று சொன்னால் நல்ல சினைப்பையை அறுத்து எடுத்துவிடுவார்கள். தீங்கானதைத் தீங்கற்றது என்று சொன்னால், அவருடைய மகளும் தங்கையும் பரிசோதனைக்கே வராமல் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவார்கள்.

என் இழுப்பறையில் உள்ள வரைபடம் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் குடும்பத்தினுடையது. முப்பத்தொன்பது வயதில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. பிஆர்சிஏ2 புரதம் 3,418 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் ஓர் இடத்தில் மட்டும் ஒன்றுக்குப் பதில் வேறொன்று அமர்ந்திருந்தது. சங்கிலி அறுந்திருந்தால் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் எளிது. ஒரு மணி மாறியிருந்தால் எளிதல்ல. அந்த மணி மாறியதால் புரதத்தின் வேலை கெடுகிறதா, கெடவில்லையா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

முதலில் செய்ய வேண்டியது, அதே மாற்றம் நோயற்ற மக்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்ப்பது. பலரிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு மாற்றம் கடுமையான நோயை உண்டாக்குவதாக இருக்க முடியாது என்பது தருக்கம். இதற்கு நாங்கள் நாடும் நோமாட் என்னும் தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பில் 1,41,456 பேரின் மரபணுத் தொடர்கள் உள்ளன. அவர்களில் தெற்காசியர் என்று குறிக்கப்பட்டவர்கள் 15,308 பேர். மனித இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் நிலப்பகுதிக்கு அந்தத் தரவில் கிடைத்திருக்கும் இடம் ஒன்பதில் ஒரு பங்குதான். 'தெற்காசியர்' என்ற அந்த ஒரே கூடைக்குள் பஞ்சாபியும் வங்காளியும் தமிழரும் கலந்தே கிடக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலோ சேலத்துப் பக்கத்திலோ நூற்றுக்கு ஒருவரிடம் இருக்கக்கூடிய, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு மாற்றம், இந்தத் தரவில் அரிதாகத் தோன்றக்கூடும். அரிதாகத் தோன்றுவதாலேயே அது சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களைவிட நம்மைப் போன்றவர்களுக்கு 'பொருள் உறுதிப்படாதது' என்ற பதில் அதிகமாக வருவதற்கு இதுவே முதன்மையான காரணம். இந்தக் குறையை நான் கட்டுரைகளில் படித்திருந்தேன். ஒரு தமிழ் ஆசிரியையின் பெயரோடு அது என் மேசைக்கு வந்தபோது ஏற்பட்ட கோபம் வேறு மாதிரியானது.

மலேசியாவில் இதற்காக உழைக்காமல் இல்லை. 2002இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபியல் ஆய்வு, பின்னர் சுபாங் ஜெயாவுக்கும் விரிந்து, மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கானோரின் மாதிரிகளைத் திரட்டியிருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தார் தென்னிந்தியக் குடும்பங்களில் பிஆர்சிஏ மாற்றங்களைத் தேடி வெளியிட்ட கட்டுரைகளும் எங்களுக்குப் பெரிய துணை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய மருத்துவமனை அது. அதன் பெயரை ஒரு கட்டுரையின் தலைப்பில் பார்க்கும்போதெல்லாம், குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பிலிருந்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்வேன்.

ஆசிரியையின் மாற்றம் அந்தக் கட்டுரைகளிலும் இல்லை. எனவே அடுத்த வழியாகக் குடும்பத்துக்குள் தேடினோம். ஒரு மாற்றம் உண்மையிலேயே நோய்க்குக் காரணம் என்றால், அதே குடும்பத்தில் நோய் கண்ட மற்றவர்களிடமும் அது இருக்க வேண்டும். ஆசிரியையின் தாய் மாரடைப்பால் முன்பே இறந்துவிட்டார். "சித்திக்கும் மார்புல கேன்சர் வந்துச்சு, இப்ப நல்லா இருக்காங்க" என்று ஆசிரியை சொன்னார். சித்தி கிள்ளானில் இருந்தார். மரபணு ஆலோசகர் பேசியதும் மறுக்காமல் வந்து இரத்தம் கொடுத்தார். 'தாயின் தங்கை, நோய் கண்டது 51 வயதில்' என்று ஆங்கிலப் படிவத்தில் குறித்துக்கொண்டவள் நான்தான்.

அந்த இரத்தத்தோடு நான் செய்த வேலையை ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியும். ஊதா மூடிக் குழாயில் வந்த இரத்தத்தைச் சுழற்றியபோது மேலே மஞ்சள் நீரும் அடியில் சிவப்பும் பிரிந்து, இரண்டுக்கும் நடுவில் ஆடைபோல ஒரு மெல்லிய வெண்படலம் நின்றது. வெள்ளணுக்கள் இருப்பது அந்தப் படலத்தில்தான். அதை எடுத்து, உயிரணுக்களைக் கரைத்து, புரதத்தை நீக்கி, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றியபோது, தெளிவாக இருந்த திரவத்துக்குள் பஞ்சு நூலைப் போல டி.என்.ஏ. திரண்டு வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் என் கை தானாகவே மெதுவாகிவிடும். பிறகு பி.சி.ஆர். இயந்திரத்தில் 95 பாகை, 72 பாகை என்று சூடேற்றியும் ஆற்றியும் வேண்டிய துண்டைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்க அனுப்பினேன். முடிவு நான்கு நிற அலைகளாகத் திரையில் வரும்; டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுக்கும் ஒவ்வொரு நிறம்: ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. ஆசிரியையின் அலைவரிசையில் அந்த ஒரே இடத்தில் மட்டும் கறுப்பு முகட்டின் கீழே பாதி உயரத்துக்குப் பச்சை முகடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெற்றோரிடமிருந்து வந்த பிரதி சரியாகவும் மற்றொன்று மாறியும் இருப்பதன் அடையாளம் அது. சித்தியின் அலைவரிசையில் அதே இடத்தில் கறுப்பு முகடு மட்டும் தனியாக, சுத்தமாக நின்றது.

நோய் கண்ட சித்தியிடம் மாற்றம் இல்லை. விதிகளின்படி இது தீங்கின்மைக்கு வலுவான சான்று. கணினி முன்கணிப்புகளும் தீங்கற்றது என்ற பக்கமே சாய்ந்திருந்தன. அது துணைச் சான்று. ஒரு வலுவான சான்றும் ஒரு துணைச் சான்றும் சேர்ந்தால், மாற்றத்தைத் 'தீங்கற்றதாக இருக்கக்கூடியது' என்ற நான்காம் வகைக்கு மாற்றலாம். விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஓர் ஆசிரியைக்கு நல்ல செய்தி சொல்லப்போகிறோம் என்ற மகிழ்ச்சியோடு அட்டவணையை நிரப்பி என் மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். கிளின்வார் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் அதைப் பதிவதற்கான படிவத்தையும் தயார்செய்து வைத்திருந்தேன். பதிந்திருந்தால், உலகில் வேறு எந்த ஆய்வகத்தில் இதே மாற்றம் தென்பட்டாலும் அவர்கள் என் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்.

மேற்பார்வையாளர் பினாங்கைச் சேர்ந்த சீனப் பெண்மணி. வீட்டில் ஹொக்கியன் பேசுபவர். அட்டவணையைப் படித்துவிட்டு என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். மார்பகப் புற்றுநோய் பெண்களிடையே மிகப் பரவலானது ஆயிற்றே, மாற்றம் இல்லாமலேயே ஒருவருக்கு அது வந்திருக்கலாம் என்று யோசித்தாயா என்பது முதல் கேள்வி. விதிப்புத்தகமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. நான் அந்த வரியைப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். இரண்டாவது கேள்வி சின்னது. "இந்த ஆன்ட்டியைச் சித்தி என்கிறாயே, இவர் யாருடைய தங்கை?" தாயின் தங்கை என்றேன். அவர் சொன்னாரா, நீ எழுதினாயா என்றார். நான் எழுதியது என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து, ஹொக்கியனில் தந்தையின் சகோதரி 'கோ', தாயின் சகோதரி 'ஈ', தந்தையின் தம்பி மனைவி 'சிம்' என்று மூன்றையும் வேறுவேறாக எழுதிக் காட்டி, உங்கள் மொழியில் எப்படி என்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. தமிழில் தாயின் தங்கையும் சித்தி. சித்தப்பாவின் மனைவியும் சித்தி. முதலாமவரின் உடலில் ஆசிரியையின் தாய்க்கு இருந்த அதே டி.என்.ஏ. பாதி அளவு இருக்கும். இரண்டாமவருக்கும் ஆசிரியைக்கும் இரத்த உறவே இல்லை. ஆங்கிலச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும்விட நம் உறவுப் பெயர்கள் துல்லியமானவை என்று நான் பெருமையாக நம்பியிருந்தேன். ஒரு பக்கம் அது உண்மை. அத்தை என்றதும் தந்தைவழி என்றும் மாமா என்றதும் தாய்வழி என்றும் மனம் பிரித்துக்கொள்கிறது. ஆனால் தாய்மாமனின் மனைவியும் அத்தைதான், தந்தையின் சகோதரியும் அத்தைதான். பெரியப்பா மகளும் அக்கா, பெரியம்மா மகளும் அக்கா, கூடப் பிறந்தவளும் அக்கா. அண்ணன் தம்பி இருவர் அக்காள் தங்கை இருவரை மணப்பதும், அத்தை மகளை மணப்பதும், சில குடும்பங்களில் தாய்மாமனையே மணப்பதும் வழக்கமாக இருந்த ஒரு சமுதாயத்துக்கு, மணத்தால் வந்தவரையும் பிறப்பால் வந்தவரையும் ஒரே சொல்லால் அழைப்பது பொருத்தமாகவே இருந்திருக்கிறது. அந்தச் சொற்கள் அன்பையும் முறையையும் சொல்வதற்காக உண்டானவை, டி.என்.ஏ.வைப் பற்றி நினைத்து யாரும் அவற்றை வைக்கவில்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லவும் தமிழில் சொல் இருக்கிறது. எந்தக் கிழவியிடம் கேட்டாலும் சொல்வார். 'கூடப் பிறந்தவங்களா?' அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

அன்று மாலையே ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"டீச்சர், சித்தி உங்க அம்மாவோட கூடப் பிறந்தவங்களா?"

"இல்லையே. எங்க சித்தப்பாவோட வைஃப். ஏம்மா, அதுல ஏதும் பிரச்சினையா?"

சித்தியின் இரத்தம் ஆசிரியையின் மாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நான் வலுவான சான்று என்று எழுதிய வரி முழுவதும் அடித்துவிட வேண்டியதாயிற்று. மாற்றம் மீண்டும் மூன்றாம் வகைக்கே திரும்பியது. ஆசிரியையிடம் நாங்கள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பதற்காக அன்று இரவு பலமுறை நன்றி நினைத்தேன்.

தொலைபேசியை வைப்பதற்கு முன் நான் கேட்ட அடுத்த கேள்வி, அப்பாவின் கூடப் பிறந்தவர்களைப் பற்றி. இதையும் முதலில் கேட்கத் தவறியிருந்தேன். மார்பகப் புற்றுநோய் தாய்வழியாகத்தான் வரும் என்ற எண்ணம் மக்களிடம் மட்டும் இருப்பதாக நினைத்திருந்தேன். கேள்வி கேட்கும் எனக்குள்ளும் அது ஒளிந்திருந்தது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் பாலினக் குரோமோசோம்களில் இல்லாதவை. ஆகவே தந்தையிடம் மாற்றம் இருந்தால் அது மகளுக்கோ மகனுக்கோ போகும் சாத்தியம் தாயிடம் இருந்தால் எவ்வளவோ அவ்வளவே, இரண்டில் ஒன்று. தந்தைக்கு நோய் வராமலே போகலாம் என்பதால் அது ஒரு தலைமுறையைத் தாண்டி மறைந்து வரும். ஆசிரியை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: அப்பாவின் அக்கா ஒருவர் நாற்பத்தேழு வயதில், தோட்டத்தில் இருந்தபோதே, வயிறு வீங்கி இறந்துபோனார். வயிற்றில் கட்டி என்று பேசிக்கொண்டார்கள். அதை யாரும் புற்றுநோய் என்று சொன்னதில்லை, அதனால் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை என்றார்.

இரண்டு வாரம் கழித்து மரபணு ஆலோசகரும் நானும் கே.எல். சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, அங்கிருந்து நிபோங் திபால் பக்கத்தில் இருக்கும் ஆசிரியையின் தந்தை வீட்டுக்குப் போனோம். எழுபதைத் தாண்டிய மனிதர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து செம்பனைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர். அக்காவின் இறப்புப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். காரணம் என்ற கட்டத்தில் 'சாகிட்' என்ற மலாய்ச் சொல்லும் அதன் பக்கத்தில் படிக்க முடியாத ஒரு கிறுக்கலும் இருந்தன. நாற்பத்தேழு வயதில் நோயால் இறந்தார் என்பதற்குமேல் அந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை. ஐஸ்லாந்து நாட்டில் பிஆர்சிஏ2இன் ஒரே ஒரு பழைய மாற்றம் பல குடும்பங்களில் பரவியிருப்பதை அங்கே பல தலைமுறைகளாகப் பேணப்பட்ட வம்ச ஏடுகளின் உதவியோடு கண்டறிந்ததைப் பற்றி நான் படித்திருக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி பினாங்குத் துறையில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறிய ஒரு குடும்பத்துக்கு ஏது ஏடு? பெரியவரின் நினைவுதான் இருந்தது.

அந்த நினைவு பெரிது. 'கூடப் பிறந்தவரா' என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டபோது அவர் தயங்காமல் பதில் சொன்னார். ஆறு பேர் கூடப் பிறந்தவர்கள், இரண்டு பேர் சிறு வயதில் போய்விட்டார்கள், கடைசித் தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவருடைய தாயின் கூடப் பிறந்த தங்கை ஒருவர் கப்பல் ஏறாமல் ஊரிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. தேநீர் ஆறிப்போகும்வரை வரைந்துகொண்டே இருந்தேன். கோலாலம்பூரில் ஆங்கிலப் படிவத்தில் நிரப்பியபோது அரைப் பக்கம் வந்த வரைபடம், அங்கே தமிழில் கேட்டபோது நான்கு தலைமுறைக்கு விரிந்தது. கடைசித் தங்கையும் வந்து உட்கார்ந்து பேசினார், ஆனால் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அவர் உரிமை, நாங்கள் வற்புறுத்தவில்லை.

ஆலோசகர் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியபோது இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் படிவத்தைத் தமிழாக்கியது நான். 'புற்றுநோய் வரும் வாய்ப்பு' என்று எழுதியிருந்தேன். பெரியவர் நிமிர்ந்து, "வாய்ப்பா?" என்றார். நல்லது கிடைப்பதற்குத்தான் வாய்ப்பு என்பார்கள். அப்படியென்றால் ஆபத்து என்று எழுதலாமா? நாளைக்கே நோய் வந்துவிடும் என்பதுபோல் ஒலிக்கிறது. இப்போதைய படிவத்தில் 'நோய் வரக்கூடிய அளவு' என்று எண்ணோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். மாற்றத்தைக் குறிக்கப் பாடநூல்கள் ஆளும் 'பிறழ்வு' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். பிறழ்ந்தவர்கள் என்று தங்களைப் பற்றி ஒரு குடும்பம் நினைத்துக்கொள்ள என் படிவம் காரணமாக இருக்கக்கூடாது. ஆய்வுப் பயிற்சியின் அட்டவணையில் மொழிபெயர்ப்புக்கு மணிக்கணக்கு ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த நிதி விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

இரத்தம் எடுத்து முடித்து, குழாயைக் குளிர்பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தபோது பெரியவர் கேட்டார்.

"ஏம்மா, என்கிட்ட இருந்துதான் அதுக்குப் போச்சா?"

ரயிலில் வரும்போதே அந்தக் கேள்வியை எதிர்பார்த்து ஆலோசகரிடம் பேசியிருந்தோம். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை. ஆலோசகர்தான் பதில் சொன்னார்: ஐயா, எல்லோரும் அப்பா அம்மாவிடமிருந்து பாதிப்பாதி வாங்கித்தான் பிறக்கிறோம், எதைக் கொடுப்பது என்று யாரும் தேர்ந்து கொடுப்பதில்லை, இந்த மாற்றம் கெட்டதா இல்லையா என்பதே எங்களுக்கு இன்னும் தெரியாது. பெரியவர் தலையாட்டினார். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா, எங்களுக்காகத் தலையாட்டினாரா என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அவருடைய அலைவரிசையில் கறுப்பு முகட்டின் கீழே பச்சை முகடு இருந்தது. மாற்றம் தந்தைவழி வந்தது என்பது உறுதியாயிற்று. ஆனால் அதைக்கொண்டு வகையை மாற்ற முடியாது. மகளிடம் இருக்கும் மாற்றம் ஏறக்குறைய எப்போதும் பெற்றோரில் ஒருவரிடம் இருக்கும். அது நோயைப் பற்றிய சான்று ஆகாது. சான்று என்றால் இறந்த அத்தையிடமிருந்து வர வேண்டும். அவருடைய நோய் சினைப்பையில் வந்ததா என்று நிறுவ எந்த ஆவணமும் இல்லை, எந்தத் திசுவும் இல்லை. என் மனம் ஒரு பக்கமாகச் சாய்வதை உணர்கிறேன். நாற்பத்தேழு வயது, வீங்கிய வயிறு, தந்தைவழி மாற்றம் என்று மூன்றையும் கோத்து ஒரு கதை சொல்ல மனம் துடிக்கிறது. முன்பு சித்தியை வைத்து எதிர்ப்பக்கம் ஒரு கதையை இதே வேகத்தோடுதான் கோத்தேன். எனவே மூன்றாம் வகை என்றே பதிந்திருக்கிறேன்.

ஆசிரியைக்கு மருத்துவர் சொன்னது இதுதான்: மாற்றத்தின் பொருள் தெரியாததால் அதை வைத்துச் சினைப்பையை எடுக்க வேண்டாம், அவருக்கு இளவயதில் நோய் கண்டதையும் குடும்ப வரலாற்றையும் வைத்து, அவருடைய தங்கைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே மார்பகப் பரிசோதனை தொடங்கலாம். மாற்றத்தைப் பற்றிப் புதிய செய்தி கிடைத்தால் நாங்கள் அழைப்போம். அழைப்பவர் நானாக இல்லாமல் போகலாம், என் ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம்தான். அதனால் கோப்பின் முதல் பக்கத்தில், எது தெரியும், எது தெரியாது, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அடுத்து வருபவருக்குப் புரியும்படி எழுதிவைத்திருக்கிறேன். எங்கள் குடும்ப வரலாற்றுப் படிவத்தின் தமிழ் வடிவிலும் ஒவ்வொரு உறவுக்கும் பக்கத்தில் 'கூடப் பிறந்தவரா?' என்ற கட்டம் இப்போது இருக்கிறது.

இறந்த அத்தைக்கு ஒரு மகள் இருக்கிறார். கூலிமில் தொழிற்சாலையில் வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது. பெரியவரே அவரிடம் பேசியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகவும், அம்மாவின் ஒரு பழைய மருத்துவமனை அட்டை வீட்டில் எங்கோ இருப்பதாகவும், அதைத் தேடி எடுத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.